இரண்டு சதவீத முன்னிலையின் விலை: மதர்போர்டு ஒப்பீடுகள் எதை அளந்தன?

2024-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கணினி விளையாட்டு ஆடுவோர் பலர் விசித்திரமான ஒரு பிழைச் செய்தியைச் சந்தித்தார்கள். அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் உருவான விளையாட்டைத் திறந்ததும், வரைகலை அட்டையின் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது. அட்டையில் நினைவகம் தாராளமாக இருந்தது. டிரைவரை மாற்றிப் பார்த்தார்கள், விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்த்தார்கள்; பயன் இல்லை. ஊடில் என்ற தரவுச் சுருக்க மென்பொருளை உருவாக்கும் ராட் கேம் டூல்ஸ் நிறுவனம் கடைசியில் விளக்கம் தந்தது. பிழை வருவது இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில். சுருக்கிய தரவை விரிக்கும்போது செயலி கணக்கைத் தப்பாகப் போடுகிறது. வரைகலை அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்நிறுவனம் சொன்ன தற்காலிகத் தீர்வு, பயாஸுக்குள் (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) போய் மதர்போர்டின் அமைப்புகளைத் தணிப்பது.

மதர்போர்டு ஒப்பீட்டு அட்டவணைகளை ஆண்டுக்கணக்கில் நம்பிப் படித்து வந்த எனக்கு அந்தத் தீர்வுதான் உறுத்தியது. ஒரே செயலி, ஒரே நினைவகம், ஒரே வரைகலை அட்டை. பலகை, அதாவது மதர்போர்டு, மட்டும் மாறுகிறது. மதிப்பெண் இரண்டு மூன்று சதவீதம் ஏறி இறங்குகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வாசகர்களாகிய நாங்கள் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இந்த நிகழ்வு ஆய்வு அந்தக் கேள்வியைத்தான் இப்போது தொடர்கிறது.

பலகைக்கே வேகம் இருந்த காலம்

மதர்போர்டுக்கென்று ஒரு வேகம் உண்மையிலேயே இருந்த காலம் உண்டு. அப்போது செயலி நினைவகத்தோடு நேரடியாகப் பேசாது. பலகையின் மேல் இருந்த நார்த்பிரிட்ஜ் சில்லு நடுவில் நின்று இரண்டுக்கும் தூது போகும். அந்தச் சில்லு மந்தமாக இருந்தால் எவ்வளவு நல்ல செயலியும் காத்துக் கிடக்கும். 1998-இல் வந்த இன்டெலின் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி (பலகையில் இருக்கும் இத்தகைய சில்லுகளின் தொகுப்பு, சிப்செட்), தனக்குப் பின்னால் வந்தவற்றையே சில சோதனைகளில் முந்தியதால் நீண்ட காலம் மதிப்போடு வாழ்ந்தது. 2001-இல் வியா நிறுவனம் கேடி266 என்ற சில்லுத்தொகுதியை வெளியிட்டது. அதன் நினைவகக் கட்டுப்பாட்டைத் திருத்தி அதே ஆண்டிலேயே கேடி266ஏ என்று கொண்டுவந்தபோது, அதே ஆத்லான் செயலியும் (இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியுடையது) அதே டிடிஆர் நினைவகமும் கண்கூடாக வேகமெடுத்தன. அன்றைக்கு மதர்போர்டுகளை வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு அந்த வேலை ஒவ்வொன்றாகப் பலகையை விட்டுப் போனது. ஏஎம்டி 2003-இல் ஆத்லான் 64 செயலியோடு நினைவகக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள் இழுத்துக்கொண்டது. இன்டெல் 2008 நவம்பரில் நெஹாலம் செயலிகளில் அதையே செய்தது. 2009-இல் வந்த லின்ஃபீல்டு செயலிகளில் வரைகலை அட்டைக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் உள்ளே போய்விட்டது. பலகையில் முக்கியமாக எஞ்சியவை மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் வி.ஆர்.எம். பகுதி, செம்புத் தடங்கள், இணைப்பு முனைகள், பயாஸ் ஆகியவை.

அப்படியானால் 2009-க்குப் பிறகு, ஒரே செயலியைப் பத்துப் பலகைகளில் மாட்டிச் சோதித்தால் பத்து மதிப்பெண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்திருக்க வேண்டும். சோதனையின் இயல்பான தடுமாற்றம் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒப்பீட்டு அட்டவணை தொடர்ந்தது. அட்டவணை என்று இருந்தால் அதில் ஒரு முதலிடமும் இருக்கும். அந்த முதலிடத்தைக் காட்டி விற்பனையும் நடக்கும். தயாரிப்பாளர்களின் கையில் மிச்சம் இருந்த கருவி பயாஸ் ஒன்றுதான். அதை வைத்து அவர்கள் போட்டி போட்டார்கள்.

இதில் மிகப் பழைய உத்தி அடிப்படைக் கடிகாரத்தைக் கொஞ்சம் தூக்கிவைப்பது. அந்தக் கடிகாரத்தின் வேகத்தைப் பெருக்கி என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் செயலியின் வேகம். 200 மெகாஹெர்ட்ஸ் என்று அறிவித்துவிட்டு 202-இல் ஓடவிட்டால், 15 மடங்குப் பெருக்கியில் 3,000 மெகாஹெர்ட்ஸ் செயலி 3,030-இல் ஓடும். பயன்படுத்துபவருக்குத் துளியும் தெரியாது. அட்டவணையில் ஒரு சதவீத முன்னிலை கிடைத்துவிடும். கவனமாகச் சோதித்தவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆனாலும் பழக்கம் போகவில்லை, வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

இலவசமாக வந்த மெகாஹெர்ட்ஸ்

2012-இல் இசட்77 சில்லுத்தொகுதிப் பலகைகளில் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற அமைப்பு பரவலானது. கோர் ஐ7-3770கே செயலியை எடுத்துக்கொள்வோம். இன்டெல் வகுத்த விதிப்படி ஒரு கோர் (செயலிக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) மட்டும் உழைக்கும்போது 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம். நான்கு கோர்களும் உழைத்தால் 3.7-ஓடு நிற்க வேண்டும். இந்த அமைப்பு அந்த விதியை நீக்கிவிட்டு நான்கு கோர்களையும் 3.9-இல் ஓட்டியது. கணக்குப் போட்டால் 5.4 சதவீதம் கூடுதல். இது ஓவர்கிளாக்கிங் (விதித்த வேகத்தை மீறி ஓட்டுவது), வேறு பெயர் சொல்ல முடியாது. ஆனால் பல பலகைகளில் இது பெட்டியைப் பிரித்த நிமிடத்திலேயே இயங்கும் நிலையில் இருந்தது, அல்லது நினைவகத்துக்கான எக்ஸ்எம்பி வேகத்தைத் தேர்ந்தெடுத்ததும் சத்தமில்லாமல் கூடவே இயங்கியது. கணினிக் கருவிகளைச் சோதித்து எழுதிய ஆனந்த்டெக் தளம் அந்த ஆண்டே இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விவாதித்தது. இந்த அமைப்பு இயங்கிய பலகையும் இயங்காத பலகையும் ஒரே அட்டவணையில் அருகருகே நின்றால், வாசகருக்குத் தெரிவது ஒரு பலகை ஐந்து சதவீதம் வேகமானது என்பதுதான். பலகை வேகமாக இல்லை. செயலிக்குப் போட்ட வேலியை ஒருவர் எடுத்துவிட்டார், மற்றவர் எடுக்கவில்லை.

அடுத்த சுற்றில் போட்டி மின்திறன் வரம்புகளுக்கு நகர்ந்தது. இன்டெல் செயலிக்கு மூன்று எண்கள் உண்டு. நீடித்து இழுக்கக்கூடிய மின்திறன் பி.எல்.1, குறுகிய காலத்துக்கு இழுக்கக்கூடியது பி.எல்.2, அந்தக் குறுகிய காலம் எவ்வளவு என்பது டௌ. 2020-இல் வந்த கோர் ஐ9-10900கே செயலிக்கு இவை முறையே 125 வாட், 250 வாட், 56 விநாடி. ஏறத்தாழ ஒரு நிமிடம் முழு மூச்சில் ஓடிவிட்டுப் பிறகு 125 வாட்டுக்கு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல பலகைகள் இந்த மூன்றையும் கண்டுகொள்ளாமல் விட்டன. செயலி எவ்வளவு நேரமானாலும் 125 வாட்டுக்கு இறங்காமலே ஓடியது.

சோதனை மென்பொருளின் கால அளவும் சேர்ந்து ஏமாற்றும் இடம் இது. சினிபெஞ்ச் ஆர்15 போன்ற பழைய சோதனை, பத்து கோர் செயலியில் 56 விநாடிக்குள் முடிந்துவிடும். வரம்பை மதித்த பலகையும் மதிக்காத பலகையும் அதில் ஒன்றுபோலத் தெரியும். அதே இரண்டையும் சினிபெஞ்ச் ஆர்23-இன் பத்து நிமிடச் சுற்றில் ஓட்டினால் இடைவெளி விரிந்துவிடும். ஆகவே குறுகிய சோதனையும் நீண்ட சோதனையும் ஒரே இரண்டு பலகைகளைப் பற்றி இரண்டு வெவ்வேறு தீர்ப்புகளைச் சொல்லும். இரண்டுமே அந்தப் பலகைகளின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்டெலுக்கு இது தெரியாமல் நடக்கவில்லை. அந்நிறுவனத்தின் மூத்த வல்லுநர் கை தெரியன், 2019-இல் ஆனந்த்டெக்குக்கு அளித்த நேர்காணலில், பி.எல்.2, டௌ ஆகியவற்றைத் தங்கள் வடிவமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை பலகைத் தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று விளக்கினார். நல்ல வி.ஆர்.எம். போட்ட பலகை அதன் பயனைக் காட்டட்டும் என்பது அதன் பின்னிருந்த நியாயம். அந்த நியாயத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கோடு இல்லாத உரிமை எங்கே போய் நிற்கும் என்பதை அடுத்த ஐந்து ஆண்டுகள் காட்டின.

ஏஎம்டி பக்கமும் பலகைகள் சும்மா இருக்கவில்லை. 2020 ஜூனில், கணினியின் வெப்பம், மின்திறன் போன்றவற்றைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளை உருவாக்குபவர், ஏஎம்டியின் ரைசன் செயலிகளுக்கான ஏஎம்4 பலகைகள் சில செயலிக்கே பொய்த் தகவல் தருவதை வெளியிட்டார். எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதைச் செயலி தானாக அளப்பதில்லை, பலகையின் வி.ஆர்.எம். கட்டுப்பாட்டுச் சில்லு சொல்வதை நம்புகிறது. அந்தச் சில்லின் அளவுகோலை பயாஸ் வழியாகச் சுருக்கிவிட்டால், உண்மையில் போவதைவிடக் குறைவாகப் போகிறது என்று செயலி நினைத்துக்கொள்ளும். 105 வாட் வகை ரைசன் செயலியின் மொத்த வரம்பு 142 வாட். முக்கால் பங்கைத்தான் பலகை கணக்குக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், செயலி 142 வாட் என்று நம்பிக்கொண்டே 189 வாட் வரை இழுக்கும். மதிப்பெண் கூடும், திரையில் தெரியும் மின்திறன் அளவு மட்டும் ஒழுங்காகவே தெரியும். எடைக்கல்லைச் செதுக்கிவிட்டுத் தராசைக் காட்டும் வேலைதான் இது. இந்த வரலாறு முழுவதிலும் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்த ஒன்று. மற்ற உத்திகளில் வரம்பை எடுத்தார்கள். இதில் அளவையையே கெடுத்தார்கள்.

2022 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை

இப்போது மையமான நிகழ்வுக்கு வருவோம். கோர் ஐ9-13900கே 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. எட்டுப் பெரிய கோர்கள், பதினாறு சிறிய கோர்கள், உச்ச வேகம் 5.8 கிகாஹெர்ட்ஸ். இன்டெல் வகுத்த உச்ச டர்போ மின்திறன் 253 வாட். வழக்கமான அமைப்பில் மின்னோட்ட வரம்பு 307 ஆம்பியர். கடையில் வாங்கிய உயர்விலைப் பலகைகள் பலவற்றில் பயாஸைத் திறந்து பார்த்தால் மின்திறன் வரம்பு 4,096 வாட் என்று இருந்தது. எந்த வீட்டுக் கணினியும் தொட முடியாத எண் அது. வரம்பு இல்லை என்பதை எண்ணாக எழுதியிருந்தார்கள், அவ்வளவே.

வரம்பு இல்லாத 13900கே, எல்லாக் கோர்களும் உழைக்கும் சோதனையில் 300 வாட்டைத் தாண்டிப் போகும். கிடைப்பது சில சதவீத மதிப்பெண். ஏன் இவ்வளவு குறைவு என்றால், செயலி எரிக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. உச்சத்துக்கு அருகில் வேகத்தை 5 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், மின்திறன் 16 சதவீதம் எகிறும். அந்த 16 சதவீதமும் வெப்பமாகவே வெளியேறும்.

வெப்பம் எகிறினால் செயலி 100 டிகிரியைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கேதான் இன்னும் நுட்பமான ஒரு போட்டி தொடங்கியது. எல்லாப் பலகைகளும் வரம்பை எடுத்துவிட்ட பிறகு, எல்லாச் சோதனைகளும் 100 டிகிரியில் முட்டி நிற்கும்போது, யார் முந்துவார்? செயலிக்குக் குறைந்த மின்னழுத்தம் கொடுப்பவர். அதே வெப்பத்துக்குள் அவருடைய பலகையில் வேகம் கூடுதலாக நிற்கும்.

இதற்கு உதவியது லோட்லைன் என்ற அமைப்பு. மின்னோட்டம் கூடும்போது, பலகையிலிருந்து செயலிக்கு வரும் வழியில் மின்னழுத்தம் சற்றுச் சரியும். அந்த வழியின் தடை எவ்வளவு என்பதைப் பலகை செயலிக்குச் சொல்ல வேண்டும். அதைக் கணக்கில் வைத்துச் செயலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். தடை 1.1 மில்லிஓம் என்றால் 200 ஆம்பியரில் சரிவு 0.22 வோல்ட். பலகை அதை 0.5 மில்லிஓம் என்று குறைத்துச் சொன்னால் செயலி 0.1 வோல்ட்தான் கூடுதலாகக் கேட்கும். மீதி 0.12 வோல்ட் பற்றாக்குறை. நல்ல சில்லு அதைத் தாங்கிக்கொண்டு குளிர்ச்சியாகவும் வேகமாகவும் ஓடும். சுமாரான சில்லு எப்போதாவது ஒரு கணக்கைத் தப்பாகப் போடும். சோதனைக்கூடத்துக்குப் போகும் செயலி நல்ல சில்லாக இருந்துவிட்டால் பலகைக்கு முதலிடம். வாங்குபவர் வீட்டில் சுமாரான சில்லு இருந்தால் அவருக்குப் பிழைச் செய்தி.

2024 ஏப்ரலில் இன்டெல் பலகைத் தயாரிப்பாளர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது. 600, 700 வரிசைச் சில்லுத்தொகுதிப் பலகைகள் பலவற்றில் வெப்பத்துக்கும் மின்னோட்டத்துக்குமான காப்பு ஏற்பாடுகளை இயல்புநிலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அது சொன்னது. மின்னோட்டப் பிறழ்வைத் தடுக்கும் பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தது, மின்னோட்ட வரம்பு நீக்கப்பட்டிருந்தது, பி.எல்.1-உம் பி.எல்.2-உம் பரிந்துரையை மீறி உயர்த்தப்பட்டிருந்தன. மே மாத இறுதிக்குள் இன்டெலின் அமைப்புகளையே இயல்புநிலையாக்கும்படி கேட்டுக்கொண்டது.

தயாரிப்பாளர்கள் அவசரம் அவசரமாக இன்டெல் பேஸ்லைன் புரொஃபைல் என்ற பெயரில் புதிய பயாஸ்களை வெளியிட்டார்கள். அடுத்து நடந்ததை இந்த ஆய்வின் மிகத் தெளிவான சான்றாக நான் கருதுகிறேன். அஸுஸ் வெளியிட்டதில் வரம்பு 253 வாட். கிகாபைட் வெளியிட்டதில் பி.எல்.2 வெறும் 188 வாட். ஒரே செயலி, ஒரே பெயருள்ள அமைப்பு, இரண்டும் இன்டெலின் பெயரையே தாங்கியவை. 65 வாட் வித்தியாசம். இந்த இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தால் கிகாபைட் பலகை படுமோசமானது என்று தோன்றியிருக்கும். இரண்டு மாதம் முன்பு வரம்பில்லாமல் ஓடியபோது எடுத்த அட்டவணையில் அதே பலகை வேறோர் இடத்தில் இருந்திருக்கும். நடுவில் பலகையில் ஒரு திருகுகூட மாறவில்லை. அந்தப் பெயரைக் கைவிட்டு, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற வரையறைக்கு எல்லோரும் வரவேண்டும் என்று இன்டெல் பிறகு தெளிவுபடுத்தியது.

பலகைகள் மேல் மட்டும் பழி போட்டு முடித்துவிட முடியாது. ஜூலை 22-ஆம் தேதி இன்டெல், தன் மைக்ரோகோடே (செயலிக்குள் இயங்கும் கட்டுப்பாட்டு நிரல்) தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதை ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் முழுக் காரணத்தையும் வெளியிட்டது. செயலியின் கோர்களுக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிரும் மின்சுற்று, உயர்ந்த மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் தேய்ந்து மூப்படைகிறது. அதன்பின் அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. கிடைக்காதபோது கணக்குத் தப்புகிறது. இந்தத் தேய்மானத்துக்கு இட்டுச்சென்ற நான்கு சூழல்களை அந்நிறுவனம் பட்டியலிட்டது. முதலாவது, பலகைகள் மின்வரம்பை மீறியது. மற்ற மூன்றும் செயலியின் மைக்ரோகோடு சார்ந்தவை. வெப்பம் கூடிய பின்னும் ஐ9 செயலிகளை உச்ச வேகத்தில் நிற்கவிட்ட பிழையை 0எக்ஸ்125 என்ற மைக்ரோகோடு பதிப்பு சரிசெய்தது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129, செயலி 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையிலும் மின்னழுத்தம் உயர்ந்துகொண்டிருந்ததை 0எக்ஸ்12பி கட்டுப்படுத்தியது.

ஆக, நான்கில் ஒன்றுதான் நேரடியாகப் பலகைகளின் குற்றம். ஆனாலும் அந்த ஒன்று மற்ற மூன்றையும் நீண்ட நாள் மறைத்தது என்பது என் கணிப்பு. எந்தப் பலகையும் வரம்புக்குள் ஓடாத உலகத்தில், செயலி பழுதானால் பலகையா, மைக்ரோகோடா, சில்லா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அமெரிக்காவில் கணினிகளைக் கட்டி விற்கும் புஜெட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஒரு தகவலை வெளியிட்டது. பலகைகளின் இயல்புநிலை அமைப்பை நம்பாமல், செயலித் தயாரிப்பாளரின் வரம்புகளைத் தாங்களே ஒவ்வொன்றாக உள்ளிட்டு விற்பது அவர்கள் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்த வழக்கம். அவர்களும் பழுதுகளைப் பார்த்தார்கள். மற்றவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. மதிப்பெண் அட்டவணையில் சற்றுப் பின்தங்கக்கூடிய கணினிகள் அவை.

நேர்மையாக ஒப்பிடுவது எப்படி

வாங்குபவர் பயாஸைத் தொடப் போவதில்லை, ஆகவே பெட்டியைப் பிரித்த நிலையிலேயே சோதிப்பதுதான் சரி என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதி உண்மை. பிரித்த நிலையில் சோதியுங்கள். ஆனால் அதை பயாஸ் கொள்கையின் சோதனை என்று சொல்லுங்கள். பிறகு எல்லாப் பலகைகளிலும் பி.எல்.1, பி.எல்.2, டௌ, மின்னோட்ட வரம்பு, லோட்லைன் ஆகியவற்றை ஒன்றாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டாம் சுற்றில் எஞ்சும் வித்தியாசம்தான் பலகையுடையது. பெரும்பாலும் அது தடுமாற்ற எல்லைக்குள் கரைந்துபோகும். அப்படிக் கரைந்துபோவதைத் துணிந்து எழுதும் கட்டுரைதான் வாங்குபவரின் பணத்தை மிச்சப்படுத்தும்.

செயலி ஒன்றையேதான் எல்லாப் பலகைகளிலும் மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். ஒரே மாடலில் இரண்டு சில்லுகள் எடுத்தால் அவற்றுக்கிடையே இருக்கும் வேறுபாடே பலகைகளின் வேறுபாட்டை விழுங்கிவிடும். பயாஸ் பதிப்பு, மைக்ரோகோடு எண், அறை வெப்பநிலை ஆகிய மூன்றும் இல்லாத அட்டவணையை நான் இப்போதெல்லாம் படிப்பதில்லை. நினைவகத்தில் வேகமும் முதன்மை நேர அளவுகளும் (நினைவகம் பதில் தர எடுக்கும் தாமதத்தைக் குறிக்கும் எண்கள்) ஒன்றாக இருப்பது போதாது. துணை நேர அளவுகளை ஒவ்வொரு பலகையும் தன் விருப்பப்படி இறுக்கியோ தளர்த்தியோ வைக்கும். தாமதச் சோதனையில் தெரியும் இடைவெளி பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு சோதனையையும் ஐந்து முறை ஓட்டி நடு மதிப்பை எடுக்க வேண்டும். ஐந்துக்கும் இடையிலுள்ள விரிவு ஒரு சதவீதம் என்றால், அரை சதவீத முன்னிலைக்கு முதலிடம் தரக்கூடாது.

மின்திறனை மென்பொருளில் பார்த்து எழுதுவதைக் கைவிட வேண்டும். அந்த எண் பலகை சொல்லும் எண். 2020-இல் நடந்ததை மறந்துவிடக்கூடாது. சுவர்ச் செருகியில் மாட்டும் சாதாரண மின்அளவி போதும். இரண்டு பலகைகள் ஒரே மதிப்பெண் எடுத்து, ஒன்று சுவரிலிருந்து 60 வாட் கூடுதலாக இழுத்தால், எந்தப் பலகை உண்மையைச் சொல்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

பலகைகள் நிஜமாகவே வேறுபடும் இடம் வி.ஆர்.எம். வெப்பம். 2017-இல் இன்டெலின் உயர்நிலைச் செயலிகளுக்கான எக்ஸ்299 பலகைகள் வந்தபோது, டெர்8பாவர் என்று அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர், வி.ஆர்.எம். மேல் வைத்திருந்த உலோகக் கட்டிகள் வெப்பத்தைக் கடத்தாமல் அழகுக்கு மட்டும் இருப்பதைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். சிறகு சிறகாக வெட்டாத மொத்தை உலோகம் சூடானால் ஆறுவதற்கு வழியில்லை. மலிவான பலகையில் விலையுயர்ந்த செயலியைப் பொருத்தினால் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும்: முதல் சில நிமிடங்கள் எல்லாம் நன்றாக இருக்கும், பிறகு வி.ஆர்.எம். சூடேறி செயலியின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். இதைப் பிடிக்க அரைமணி நேரத் தொடர் ஓட்டம் வேண்டும், வி.ஆர்.எம். மேல் ஒட்டிய வெப்பமானி வேண்டும். நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். குளிரூட்டிய சோதனைக்கூடத்தில் 21 டிகிரி அறையில் 90 டிகிரி காட்டும் வி.ஆர்.எம்., சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மே மாத மதியம் 36 டிகிரி அறையில் 105-ஐத் தொடும். மேலை நாட்டுச் சோதனையில் தேறிய பலகை இங்கே தேறும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

மற்றபடி நான்கு நினைவகத் துண்டுகளையும் சொருகினால் எந்த வேகம் வரை நிலையாக நிற்கிறது, இரண்டாம் எம்.2 சேமிப்பகத்தைச் சொருகினால் வரைகலை அட்டையின் தடங்கள் பாதியாகின்றனவா, கணினி திறக்க எத்தனை விநாடி ஆகிறது, பயாஸ் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வருகிறது ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இவை எதுவும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணில் தெரியாது.

13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செயலி வைத்திருப்பவர் இன்று செய்ய வேண்டியது, பலகையின் பயாஸை 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு அடங்கிய பதிப்புக்கு மாற்றி, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுப்பது. மதிப்பெண் சில சதவீதம் இறங்கும், இறங்கட்டும். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியை எந்தப் புதுப்பிப்பும் மீட்காது என்பதை இன்டெலே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவற்றை மாற்றித் தருவதற்காகவே, பெட்டியோடு விற்ற செயலிகளின் உத்தரவாதத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. முதல் நாளே வரிசையில் நின்று 2022 அக்டோபரில் 13900கே வாங்கியவருக்கு அந்த ஐந்து ஆண்டு 2027 அக்டோபரில் முடிகிறது.